மதினியின் ஒப்பாரிக்கு ஜெர்மன் சப்டைட்டில்

1

இந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் மதினி மாரில் அடித்துக்கொண்டு அழுவதை எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்மானியர்கள் சூப் குடித்துக்கொண்டே பார்த்தார்கள். சூப்பை ஊற்றிக் கொடுத்தவள் நான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஜெர்மனியில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் எளிய சாப்பாடு போடுவார்கள். சாப்பிடுகிறவர்கள் உண்டியலில் காசு போட வேண்டும். அந்தக் காசு ஏதாவது ஓர் ஏழை நாட்டுக்குப் போகும். கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் மூலமாக நர்ஸ் வேலைக்கு வந்து, கல்யாணம் கட்டி, இந்த ஊரிலேயே தலை நரைத்துப்போனவள் என்பதால், வருடா வருடம் சூப் வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிடும். பருப்பும் மிளகும் போட்டு நான் வைக்கும் அந்த வஸ்து, ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் நின்று முழிக்கும். இவர்கள் அதற்கு 'இந்தியச் சூப்' என்று பெயர் வைத்து ருசித்துக் குடிப்பார்கள்.

இந்த முறை பங்குக் குழுவின் தலைவி வேபர் அம்மாள் என் காதருகே வந்து, "உங்களுக்கு இன்று ஓர் ஆச்சரியம் இருக்கிறது" என்றார். விளக்கை அணைத்தார்கள். சுவரில் படம் ஓடியது. முதலில் கடல். பிறகு கரையில் ஏற்றிப் போட்ட வள்ளங்கள். பின்னணியில் வயலின். நம் கடற்கரையில் யார் வயலின் வாசித்தார்கள் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், திரை முழுக்க என் மதினி சவரியம்மாளின் முகம் வந்து நின்றது.

அவிழ்ந்த தலை. வெற்றிலைக் காவி ஏறிய பல். மூக்கிலிருந்து ஒழுகுவதைக்கூடத் துடைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பெட்டிக்குள் என் அண்ணன் அந்தோணி. காற்றில் வள்ளம் கவிழ்ந்து, இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கிய உடம்பு என்பதால் பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். அண்ணனின் சாவு வீட்டை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. அதை நான் பார்த்தது கையில் சூப் கரண்டியோடு.

அவள் பாடி அழுதது இது:

"கடலைக் குடுத்த சாமி கரையைக் குடுக்கலியே,
கஞ்சி காய்ச்ச நெல்லுமில்ல, கண்ணத் தொடைக்க நாதியில்ல,
கப்பலேறிப் போனவளே, கூடப்பொறந்த ராசாத்தி,
கண்ணெடுத்தும் பாக்கலியே, கால்மாட்டில் நிக்கலியே..."

திரையின் அடியில் ஜெர்மன் மொழியில் எழுத்து ஓடியது. என் மகள் அனிதா பானையைத் தூக்க எனக்கு உதவியாக வந்திருந்தாள். உறுதிப்பூசுதல் சடங்கு முடிந்த நாளோடு கோயிலை மறந்த பிள்ளை. அவளுக்கு வீட்டுத் தமிழே நொண்டி நொண்டித்தான் வரும். "அம்மா, எனக்கு பஸ் ஓடிப் போச்சு" என்பாள். ஒப்பாரித் தமிழ் எங்கே புரியப் போகிறது? அவள் எழுத்தைத்தான் வாசித்தாள். எழுத்து இப்படிச் சொன்னது: "எங்களிடம் உணவு தானியம் இல்லை. என்னை ஆதரிக்க எவரும் இல்லை. என் கணவரின் சகோதரி கப்பலில் வெளிநாடு சென்றுவிட்டார். அவர் எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை."

அனிதா என் பக்கம் திரும்பி ஜெர்மன் மொழியில் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நாம் அத்தைக்கு எதுவுமே செய்யவில்லையா?"

நான் கரண்டியைப் பானைக்குள் விட்டுக் கிண்டினேன். விளக்கைப் போட்டதும் ஒருவர் மூக்கைச் சிந்தினார். அவர் அழுதிருக்கிறார் என்பது தெரிந்தது. அழுத கையோடு இன்னொரு கரண்டி சூப் கேட்டு வந்தார். ஊற்றினேன்.

2

அண்ணன் சாவுக்கு நான் போகாததற்குக் காரணம் பாசமின்மை அல்ல, பாஸ்போர்ட். எத்தனையோ வருடம் தள்ளிப்போட்ட ஜெர்மன் குடியுரிமையை அந்த வருடம்தான் வாங்கியிருந்தேன். வாங்கியதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஒப்படைத்தேன். புதுப் பாஸ்போர்ட்டில் நான் இந்தியாவுக்கு ஓர் அந்நியப் பெண். பிறந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டம் என்று அதிலேயே அச்சடித்திருந்தாலும் விசா இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சாவுச் செய்தி வந்தது வெள்ளிக்கிழமை மாலை. இந்தியத் தூதரகத்தில் தொலைபேசியை எடுத்த மனிதர், திங்கட்கிழமை காலையில் வரிசையில் நிற்கும்படி மரியாதையாகச் சொன்னார். சித்திரை வெயிலில், அந்த நிலைமையில் இருந்த உடம்பை அவர்கள் திங்கட்கிழமை வரை எப்படி வைத்திருப்பார்கள்?

ஊரில் எங்கள் பங்குக் குரு அமல் சாமிதான் அன்று எனக்குப் போன் போட்டார். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தீவில் குருவானவரைப் பெரியவர்கள் 'சாமி' என்பார்கள், படித்தவர்கள் 'ஃபாதர்' என்பார்கள். நேரில் பேசும்போது நான் ஃபாதர் கட்சி. வயதில் சின்னவர், சுறுசுறுப்பானவர். நகரத்தில் ஊடகப் பணிக்கென்று தனியாகப் படித்துவிட்டு வந்தவர். வந்த ஆறே மாதத்தில் பங்குக்கு வெப்சைட் திறந்தார். காலையில் செல்போனுக்கு வேத வசனம் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் செவ்வாய்க்கிழமை சிடியாகி வீட்டுக்கு வரும். பீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் திரை கட்டி, பாட்டு வரிகளைச் சுவரில் ஓடவிட்டார். பாட்டுப் புத்தகம் இல்லாமல் பாட முடிகிறதே என்று நானும் முன்பு ஊருக்குப் போனபோது மெச்சியிருக்கிறேன். உங்கள் ஜெர்மன் பங்குக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்ப வேண்டும், இமெயில் முகவரி கொடுங்கள் என்று கேட்டபோது சந்தோஷமாகக் கொடுத்தேன்.

அன்று போனில் நான் அழுத அழுகைக்கு அவர் சொன்ன ஆறுதல் இது: "அக்கா, கவலப்படாதீங்க. முழுசா வீடியோ எடுத்து அனுப்புறேன். நீங்க பக்கத்துல நின்ன மாதிரி இருக்கும்."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு மாதிரி எங்கள் பக்கம் சாவுக்கும் வீடியோ எடுப்பார்கள். வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிற சீமை அது. கீழக்கரை முஸ்லிம் வீட்டில் மௌத் என்றாலும் தீவில் இழவு என்றாலும், வர முடியாதவர்களுக்குக் கேசட் போகும். வெள்ளை விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. யாருக்காக எடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அந்த வீடியோ வரவில்லை. இரண்டு முறை கேட்டேன். "எடிட்டிங்ல இருக்கு அக்கா" என்றார். சாவு வீட்டில் எடிட் செய்ய என்ன இருக்கிறது என்று அப்போதே கேட்டிருக்கலாம். சாமியார் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பி வளர்ந்தவள், கேட்கத் தோன்றவில்லை.

3

ஒப்பாரி என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அமல் சாமிக்கே விளக்க வேண்டி வந்ததால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஒப்பாரியில் சொல்வது செத்தவரிடம் சொல்வது. அதில் நெல் இருக்காது, நாதி இருக்காது, கூரை இருக்காது. பத்துப் பிள்ளை பெற்றவள் 'ஒத்த மரமானேன்' என்று அழுவாள். மச்சு வீட்டுக்காரி 'ஓலைக் குடிசை ஒழுகுதே' என்பாள். 'வீட்டில் ரெண்டு மூடை அரிசி இருக்கு, பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டார்கள், நீர் நிம்மதியாகப் போய்வாரும்' என்று எந்தப் பெண்ணாவது புருஷன் தலைமாட்டில் பாடுவாளா? அப்படிப் பாடினால் ஊர் என்ன சொல்லும்?

எங்கள் கரையில் இதில் இன்னொரு வழக்கம் உண்டு. புருஷனைப் பறிகொடுத்தவள் நாத்தனாரைத் திட்டி அழுவாள். திட்டியே ஆக வேண்டும். பிந்தி வந்தவள், பார்க்காதவள், பிறந்த வீட்டை மறந்தவள் என்று என்ன வாய்க்கு வருகிறதோ அதையெல்லாம் சொல்வாள். வந்து சேரும் நாத்தனார் தெரு முனையிலேயே குரல் எடுத்து, பதிலுக்குப் பாடிக்கொண்டே வருவாள். இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுப்பாள். பதில் வந்துவிட்டால் திட்டு கரைந்துவிடும். என் அய்யா செத்தபோது பிந்தி வந்த எங்கள் அத்தையை அம்மா கேட்ட கேள்வியைக் கேட்டால் அத்தையின் ஏழு தலைமுறையும் கூசும். அத்தையும் சளைக்கவில்லை, அம்மாவின் பிறந்த வீட்டையே பாட்டில் இழுத்துத் தெருவில் போட்டாள். அரை மணி நேரம் ஆனது. பிறகு இரண்டு பேரும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் காப்பி போட ஒன்றாக எழுந்து போனார்கள்.

பதில் வராத திட்டு அப்படியே நிற்கும். அதுதான் அதன் ஆபத்து. சவரியம்மாள் மதினி கேமராவைப் பார்த்து 'கப்பலேறிப் போனவளே' என்று அழுதபோது, அவள் என்னைத்தான் அழைத்தாள். கூட்டத்தில் நான் இல்லாததால் என்னிடம் வந்து சேரும் என்று நம்பிய கேமராக் கண்ணாடியைப் பார்த்து அழுதாள். (நான் வந்தது விமானத்தில். ஒப்பாரியில் எல்லோரும் கப்பலில்தான் போவார்கள்.) என் பதிலைக் கேட்டு விடுத்த அந்த அழைப்பைப் பிடுங்கி, வயலின் போட்டு, வறுமைச் சாட்சியமாக்கி, என்னைத் தவிர உலகத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார் எங்கள் பங்குக் குரு.

நெல் இல்லையாம். என் அண்ணன் வீட்டில் நெல் இல்லாத நாள் எது? சொந்த வள்ளம், ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய தளம் போட்ட வீடு, ஆசிரியப் பயிற்சி படித்த மகள். அந்தக் குடும்பத்துக்குத்தான் ஜெர்மன் எழுத்தில் பஞ்சம் வந்தது.

4

வேபர் அம்மாளிடம் மறுநாளே போனேன். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அந்தப் பெண் என் அண்ணன் மனைவி, அந்தக் 'கப்பலில் சென்ற சகோதரி' நான்தான் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "குடும்பத்தில் இப்படி மனஸ்தாபங்கள் வருவது இயல்பு. பேசித் தீர்க்கலாம்" என்றார். ஒப்பாரியின் வழக்கத்தை இன்னொரு முறை விளக்கினேன். "எவ்வளவு சுவாரஸ்யம்! அடுத்த வருடம் இதைப் பற்றி நீங்கள் ஓர் உரை ஆற்ற முடியுமா?" என்று கேட்டார். படத்தை நிறுத்துங்கள் என்றேன். அது கூட்டாளிப் பங்கான எங்கள் ஊர்க் கோயில் கொடுத்தது, அந்தப் பங்குக் குரு எழுதிக் கேட்டால்தான் குழுவில் வைக்க முடியும், குழு கூடுவது ஈஸ்டருக்குப் பிறகு, அதுவும் போக டிவிடியைப் பக்கத்து ஊர்ப் பங்குகளுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றார். சாவு கூட இந்த நாட்டில் குழு கூடித்தான் தீர வேண்டும்.

அமல் சாமிக்குப் போன் போட்டேன்.

"அக்கா! படம் பாத்தீங்களா? எப்படி வந்திருக்கு?" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் நடிப்பில்லை. அதனால்தான் எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்ல முடியாமல் போனது.

"ஃபாதர், என் மதினி எனக்காக அழுதா. அத எனக்கு அனுப்பாம யாருக்கு அனுப்புனீங்க?"

"அக்கா, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. உங்க அண்ணன் போன வள்ளத்துல வயர்லெஸ் இருந்துச்சா? இல்ல. இன்னைக்கு இந்த ஊர்ல பாதி வள்ளத்துல இருக்கு. எப்படி வந்துச்சு? ஆறு மாசமா வெப்சைட்ல ஓடுற அந்தப் படம் கொண்டு வந்துச்சு. நான் எனக்கா கேட்டேன்?"

இது உண்மை. மறைக்க மாட்டேன். அவர் அந்தக் காசில் ஒரு செருப்புக்கூட வாங்கிக்கொள்ளவில்லை என்பது ஊருக்கே தெரியும். நீங்கள் என் கோபத்தைப் படித்துவிட்டு அவரைத் திருடன் என்று நினைத்தால் அது என் எழுத்தின் குற்றம்.

"அதுக்கு மதினிகிட்ட கேட்டீங்களா, ஃபாதர்?"

"எடுக்கும்போது அவங்க வேணாம்னு சொல்லலையே."

"எனக்கு அனுப்பத்தான் எடுக்குறீங்கன்னு நெனச்சவ எப்படி வேணாம்னு சொல்வா? நெல்லு இல்லேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வீட்டுல நீங்களே எத்தன தடவ சாப்பிட்டிருக்கீங்க?"

"அவங்க சொன்னதத்தான மொழிபெயர்த்தேன்? ஒரு வார்த்தகூட நான் சேக்கல."

"சேக்கலதான். ஒப்பாரிய மனு மாதிரி எழுதிட்டீங்க."

அவர் பிரசங்கக் குரலுக்கு மாறினார். "அக்கா, இது டிஜிட்டல் காலம். கண்ணீரப் பாக்காம எவனும் கதவத் திறக்கமாட்டான். பவுலடியார் இன்னைக்கு இருந்திருந்தா வெப்சைட்தான் வச்சிருப்பார்."

"பவுலடியார் எழுதுன கடிதம் போய்ச் சேர வேண்டியவங்களுக்குப் போய்ச் சேந்துச்சு, ஃபாதர்."

போனை வைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் வெப்சைட்டிலிருந்து படத்தை எடுத்துவிட்டதாக இமெயில் அனுப்பினார். கீழே, 'உங்கள் உணர்வுகள் புண்பட்டிருந்தால்' என்று தொடங்கும் ஒரு வருத்தம். இருந்தாலாம்! பக்கத்து ஊர்ப் பங்குகளில் டிவிடி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கெல்லாம் யாரெல்லாம் நகல் எடுத்து வைத்திருக்கிறார்களோ, அது கர்த்தருக்கே வெளிச்சம்.

5

இதையெல்லாம் மதினியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். அந்த ஒரு வருடமாகவே அவளோடு போனில் பேசுவது கஷ்டமாக இருந்தது. நான்தான் கூப்பிடுவேன். "நல்லாருக்கோம்த்தா. பிள்ளைக நல்லாருக்காக. வைக்கவா?" அவ்வளவுதான். வாய் ஓயாமல் பேசுகிறவள். கமுதிச் சந்தையில் மிளகாய் என்ன விலை என்பதிலிருந்து, பாம்பன் பாலத்தில் எந்த ரயில் எவ்வளவு நேரம் நின்றது என்பது வரை சொல்லாமல் போனை வைக்க மாட்டாள். அண்ணன் போன துக்கம் அவள் வாயைக் கட்டிவிட்டது என்று நினைத்திருந்தேன். உடனே வரட்டுமா என்று கேட்டபோதுகூட, "இப்ப எதுக்கு? ஆண்டுப் பூசைக்கு வா" என்று வெட்டிவிட்டாள்.

கடைசியில் போன் போட்டேன். "மதினி, அண்ணன எடுக்குறப்ப நீங்க அழுதத இப்பத்தான் பாத்தேன்" என்று தொடங்கினேன்.

 

"இப்பத்தானா?" என்றாள்.

"போன வாரந்தான்."

"ஏத்தா, நெசமாத்தான் சொல்றியா? அடக்கம் முடிஞ்ச மறுவாரமே சாமிகிட்டக் கேட்டேனே. அனுப்பியாச்சு அனுப்பியாச்சுன்னாரே!" அவள் குரல் உடைந்தது. "ஒரு வருசமா நீ அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே. நான் ஏசுனது உனக்குப் பொறுக்கலபோலன்னு நெனச்சேன். ஒரு நாளாவது பதில் சொல்லுவான்னு பாத்தேன், சொல்லல. சரி, சீமைக்குப் போனவ, பெரிய எடத்துல இருக்கா, நம்ம அழுகையெல்லாம் அவளுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். மனசு விட்டுப்போச்சுத்தா."

நான் ஆஸ்பத்திரி உடுப்போடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஒரு வருடம். சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிட்டவள், என் அய்யாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவள், என்னை ஒரு வருடமாகக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைத் துக்கக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு கம்ப்யூட்டரில் அவளுடைய அழுகை எடிட் ஆகிக்கொண்டிருந்தது.

படத்தைச் சூப் மண்டபத்தில் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். மறைக்க மனம் வரவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"வெள்ளைக்காரங்க எல்லாருமா பாத்தாக? நான் உன்ன ஏசுனதையுமா?"

"ஆமா மதினி."

"அய்யோ, உன் பிள்ளையும் இருந்துச்சா?"

அவள் கவலையெல்லாம் எனக்காக இருந்தது. என் கோபம் அன்று ஏறிய உச்சியிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

"வா. வந்து பதில் சொல்லு. அத முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு, அந்த வருடத்தில் முதல் தடவையாக, மிளகாய் விலையும் சொன்னாள்.

6

அண்ணன் இறந்து ஓராண்டு முடியும் ஆண்டுப் பூசைக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன். கையில் விசா ஒட்டிய பாஸ்போர்ட். மதுரையிலிருந்து வேனில் வரும்போது, பாம்பன் பாலத்தின் மேல் உள்ளுக்குள் வரிகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருடம் ஜெர்மன் பேசிய வாய், ஒப்பாரிக்கு வருமா என்று பயம். வந்தது.

"ஏழு கடல் தாண்டி வந்தேன் எங்கண்ணன் மொகம் பாக்க,
எட்டி நான் வந்து நிக்கையில எடுத்துட்டுப் போனாகளே..."

தெரு முனையில் இறங்கினேன். பெண்கள் வாசல்களில் நின்றார்கள். செய்தி தெரியும் போல. மதினி வீட்டு வாசலில் வெள்ளைச் சேலையில் நின்றாள். ஒரு வருடத்தில் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை தலைக்குப் போனது. நான் வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்தேன். பின்னால் அமல் சாமி. வெள்ளை அங்கி, கழுத்தில் தொங்கும் ஹெட்போன்.

"வாங்க அக்கா, வாங்க. நீங்க என்னைப் பாக்காதீங்க, இயல்பா இருங்க. போன படத்துல ஒரு தப்பு நடந்துபோச்சுன்னு நீங்க சொன்னது சரிதான். அத சரிபண்ணத்தான் இது. நாத்தனாரும் வந்துட்டாங்க, உறவு ஒட்டிக்கிச்சுன்னு காட்டுவோம். அழகான முடிவு. இந்தத் தடவை மொதல்ல உங்களுக்கே அனுப்புறேன்."

அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறவரின் நிம்மதி இருந்தது. எனக்குத் தொண்டையில் வந்து நின்ற வரி அங்கேயே நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு ஒன்று கேமராவில் எரிந்துகொண்டிருந்தது. தெருவே என் வாயைப் பார்த்தது.

மதினிதான் இறங்கி வந்தாள். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். திரும்பி நின்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

துக்க வீட்டுக் கதவை எங்கள் கரையில் யாரும் சாத்துவதில்லை. ஆண்டு முடியும் வரை, யார் எந்நேரம் வந்து அழுவார்கள் என்று தெரியாது, கதவு திறந்துதான் கிடக்கும். வாசலில் நின்ற பெண்கள் "ஏத்தா, என்னத்தா இது?" என்று கேட்டது உள்ளே காதில் விழுந்தது. சாமியும் கதவைத் தட்டினார்.

"அம்மா, ரெண்டே நிமிசம்தான்."

"சாமி, கோயிலுக்கு வாரோம். அங்கன எதையும் எடுங்க. இங்கன எங்க அழுகை நடக்கு" என்றாள் மதினி. ஒரு சாமியாருக்கு எதிராக அவள் வாழ்நாளில் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவர் போனாரா நின்றாரா என்று தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தும்படி எனக்குக் கை காட்டினாள். சாத்தினேன். அந்தப் புழுக்கத்தில், அண்ணன் படத்துக்குக் கீழே, இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கப்பலேறிப் போனவளே என்று என்னைக் கேட்டாள், ஆனால் வெளியே மைக் இருக்குமோ என்ற பயத்தில் என் காதுக்குள் கிசுகிசுத்தாள். நான் என் வரியைச் சொன்னேன். எனக்கும் குரல் எடுக்கப் பயமாக இருந்தது. மூன்று தெருவுக்குக் கேட்க அழ வேண்டிய அழுகையை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, திருடிகள் மாதிரி அழுது முடித்தோம்.

அவளுக்கு என் பதில் கேட்டது. தெருவுக்குக் கேட்கவில்லை. அண்ணனுக்குக் கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.